மூக்கு வைத்த வேன்

2025 அக்டோபரில் ஹூண்டாய் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2030-க்குள் இந்தியாவில் எம்.பி.வி. ரகத்திலும் இறங்கப் போகிறார்களாம். எம்.பி.வி. என்றால் பயப்பட வேண்டாம். நாம் வேன் என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். விலை ஏறும்போது பெயரும் ஏறிவிடுகிறது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை வைத்து, 1998-ல் சான்ட்ரோவுடன் கடை திறந்தவர்கள். இந்தோனேஷியாவில் 2022-லேயே ஸ்டார்கேஸர் என்று ஏழு பேர் வண்டியை விட்டுவிட்டார்கள். இங்கே மட்டும் ஏன் தயக்கம்? எனக்குத் தோன்றும் காரணங்கள் இரண்டு.

முதலாவது, வெர்ஸா. 2001-ல் மாருதி கொண்டுவந்தது. வண்டிக்குள் இரண்டு ஏ.சி., விளம்பரத்தில் இரண்டு பச்சன்கள். எடுபடவில்லை. 'இவ்வளவு காசுக்கு வேனா?' என்று ஜனங்கள் நகர்ந்துவிட்டார்கள். ஏறக்குறைய அதே வண்டியை, ஆடம்பரங்களைக் கழற்றி விலையைக் குறைத்து, 2010-ல் ஈகோ என்று விட்டார்கள். பிய்த்துக்கொண்டு போயிற்று.

இரண்டாவது, பங்காளிப் பிரச்னை. ஹூண்டாயின் கூட்டாளியான கியா 2022-லிருந்து காரென்ஸ் விற்கிறது. தம்பி இலையில் அண்ணன் கை வைக்கலாமா?

வைக்கலாம் என்பது என் கட்சி. 2005-ல் இன்னோவாவும் 2012-ல் எர்ட்டிகாவும் வந்து, ஏழு பேர் வண்டிக்கு இங்கே ஆள் இருக்கிறது என்று நிரூபித்துவிட்டன. ஆம்னிக்கு மூக்கு கிடையாது. சினிமாவில் ஆள் கடத்தியே பேர் கெட்டது. இவற்றுக்கு முன்னால் ஒரு பானெட்டை வைத்ததும் மரியாதை வந்துவிட்டது.

'அதான் ஏழு சீட் எஸ்.யூ.வி. இருக்கே சார்!' என்பீர்கள். இருக்கிறது. பலவற்றில் மூன்றாவது வரிசை, சீட் கணக்குக் காட்ட மட்டும்தான். பையன்கள் மடங்கி உட்காரலாம். பெரியவர்கள்?

என் மாமியாருக்கு எண்பது வயது. உயரமான வண்டியில் ஏற, ஒரு கை கதவில், ஒரு கை என் தோளில். இப்போதெல்லாம் கல்யாணம், கோயில் என்று கிளம்பினால், "நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்கிறார். வீட்டை யாரும் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்கள். அப்படிப் பேசுவது அவரல்ல, முழங்கால். ஒரு படியின் உயரத்தில் ஒரு மனுஷி குடும்பத்திலிருந்து விலகிப்போகிறார். ஷோரூமில் யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

ஹூண்டாய்க்கு இது புரியாத விஷயமல்ல. சான்ட்ரோவை அழகு என்று சொன்னவர்கள் குறைவு. ஆனால் கூரை உயரம். அதிகம் குனியாமல் ஏறலாம், இறங்கலாம். குடும்பங்களுக்கு அது பிடித்துப்போக அதுவும் ஒரு காரணம்.

ஆகவே, வரட்டும். எஸ்.யூ.வி. வேஷம் மட்டும் வேண்டாம். தாழ்ந்த படி, ஆம்னி மாதிரி பக்கவாட்டில் தள்ளும் கதவு, பிடித்துக்கொள்ள உறுதியாக ஒரு கைப்பிடி. மூக்கு அவசியமென்றால் வைத்துக்கொள்ளட்டும். வேன் என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.