ஆறு சனிக்கிழமைகள்



ஆறாம் வகுப்புத் தங்கையருக்குச் சனிக்கிழமைதோறும் சென்னையிலிருந்து ஓர் ஆலோசகர் இணையவழியில் மனநலப் பாடம் நடத்தவிருக்கிறார். அதற்குப் பாடத்திட்டம் வரையும் பணியைச் சிஸ்டர் எங்கள் மூவரிடம் ஒப்படைத்தார். 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது மத்திய அரசு 'மனோதர்பன்' என்னும் திட்டத்தைத் தொடங்கி மாணவருக்குத் தொலைபேசியிலேயே ஆலோசனை வழங்கியதல்லவா? அதுவே எங்களுக்கு முன்மாதிரி.

தேர்வு பயம், கோபம், நட்பு என்று தலைப்புகள் எளிதில் வந்துவிட்டன. நேரம்தான் அகப்படவில்லை! பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் வேலை செய்யும் அப்பாவின் சட்டைப்பையில்தான் சில வீடுகளின் ஒரே கைப்பேசி இருக்கிறது. இரவு ஷிப்டு என்றால் அதுவும் கம்பெனிப் பேருந்தில் ஏறிவிடும். பகலில் அவர் உறங்கும் ஒற்றை அறையில் ஒரு சிறுமி தன் மனக்குறையை எவ்வாறு வாய்விட்டுச் சொல்வாள்?

ஆகவே பாடத்தை இருபது நிமிடமாகச் சுருக்கினோம். திரையில் சொந்தக் கதை வேண்டாம். சொல்ல நினைப்பதைத் தாளில் எழுதித் திங்களன்று சிஸ்டரிடம் கொடுக்கலாம். முதல் பாடமாக நான் வற்புறுத்தி வைத்தது, 1098, 14416 என்னும் இரண்டு எண்களை மனப்பாடம் செய்வதுதான். முன்னது சிறுவர் உதவிக்கு; பின்னது 2022 முதல் மனநல ஆலோசனைக்கு. இரண்டுக்கும் கட்டணமில்லை.

“எண்களைக் கடைசிப் பாடத்தில் சொன்னால் போதாதா?” என்றாள் தோழி. கடைசிப் பாடத்தன்று கைப்பேசி யார் பையில் இருக்குமோ!