முசிறி எத்தனை தூரம்

இருபது ஆண்டுகளாக அகநானூற்றின் 149ஆம் பாடலை வகுப்பில் நடத்தி வருகிறேன். பெரியாற்றின் நுரை கலங்க யவனர் கலங்கள் முசிறிக்கு வரும் காட்சியைக் கைகளை வீசி விவரிப்பேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி, "நீங்க அங்க போயிருக்கீங்களா ஐயா?" என்றாள். அடுத்த பாடலுக்குப் போய்விட்டேன்.

போனதில்லை. 2007இல் அகழாய்வு தொடங்கிய பட்டணம் என்னும் ஊரே முசிறியாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கோவையிலிருந்து முன்பதிவில்லாப் பெட்டியில் இரிஞ்ஞாலக்குடா. பிறகு கொடுங்கல்லூர் வழியாகப் பேருந்து. சில நூறு ரூபாய்தான். அந்தச் சில நூறு மாதந்தோறும் வேறு பெயர் சூடிக்கொள்கிறது: அம்மாவின் மாத்திரை, மகனின் தேர்வுக் கட்டணம். கௌரவ விரிவுரையாளன் நான். விடுமுறை உள்ள மே மாதத்தில் ஊதியம் இல்லை. ஊதியம் உள்ள மாதங்களில் விடுமுறை இல்லை.

இதற்கிடையே வியன்னா ஆசை வேறு. முசிறி வணிகத்தைப் பற்றிய கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பாப்பிரஸ் ஏடு அங்குள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஹெர்மபொல்லோன் என்ற கப்பல் ஏற்றிச் சென்ற தந்தத்துக்கும் சடாமாஞ்சிலுக்கும் அதில் கணக்கு உண்டு. விமானக் கட்டணத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன். வியன்னாவுக்குப் போகாததில் வெட்கமில்லை. முசிறிதான் உறுத்துகிறது.

அந்த மாணவி விடுமுறையில் பட்டணம் போய்வந்தாள். "தென்னந்தோப்பும் வீடுகளுந்தான் இருக்கு ஐயா, கடலையே காணோம்" என்றாள். இவ்வாண்டு அப்பாடலைக் கைகளை வீசாமல் நடத்தினேன்.