முதற் பத்து ஆட்டங்கள்

நல்ல தொடக்கத்தைக் கண்டு மகிழ்வோர் பலர், அஞ்சுவோர் சிலர். நான் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன். வயலில் முதற் பச்சை தெரிந்தவுடனேயே மார்கழி வெள்ளத்தை எண்ணிப் பெருமூச்சு விடும் கமக்காரரிடையே வளர்ந்தவன் ஆதலால், இக்குணம் எனக்கு இயல்பாகவே அமைந்திருக்கலாம். அல்லது பதினெட்டு ஆண்டுகளாக ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின்மேல் அன்பு வைத்து ஏமாந்ததனால் வந்ததாகவும் இருக்கலாம்.

அந்தக் கழகம் இலண்டன் மாநகரின் ஆர்சனல். 2003-04ஆம் ஆண்டுப் பருவத்தில் அவ்வணி 38 ஆட்டங்களுள் ஒன்றிலேனும் தோல்வி காணாமல் பிறீமியர் லீக் பட்டத்தை வென்றது. 26 வெற்றி, 12 சமநிலை. அப்போது நான் பாடசாலை மாணவன். சந்தியிலிருந்த தேநீர்க் கடையின் தொலைக்காட்சி முன் நின்றபடியே அவ்வணியின் ஆட்டங்கள் சிலவற்றைப் பார்த்தேன். வென்றவரை நேசிப்பது எளிது, நானும் நேசித்தேன். அதன் பின் ஆண்டுகள் பல கழிந்தன. பட்டம் திரும்பி வரவில்லை. 2021 ஓகஸ்டில் அந்த அணி முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்று, ஒரு கோலேனும் போடாமல், ஒன்பது கோல்களை வாங்கிக்கொண்டு, இருபது அணிகளுள் இருபதாவதாக நின்றது.

சரியாக ஓராண்டு கழிந்தது. 2022 ஓகஸ்ட் 5ஆந் திகதி புதிய பருவம் தொடங்கிய வேளை, நமது நாட்டில் நள்ளிரவு கடந்து 12.30 மணி. எரிபொருளுக்கு வரிசையில் நின்று களைத்த நாடு உறங்கிக்கொண்டிருந்தது. குழந்தைகள் விழித்துவிடுவார்களென்று ஒலியை அடக்கிவைத்து நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்ரல் பலஸ் அணியுடன் 2-0 என்று வெற்றி. அடுத்து லெஸ்ரர் சிற்றியுடன் 4-2. அதற்கடுத்து போர்ண்மவுத்துடன் 3-0. முந்திய ஆண்டில் மூன்று ஆட்டங்களில் ஒன்பது கோல்களை வாங்கியவர்கள், இம்முறை மூன்று ஆட்டங்களில் ஒன்பது கோல்களைப் போட்டு அட்டவணையின் தலையில் நின்றார்கள்.

இத்தகைய வேளையில் ஒரு ரசிகனின் உள்ளம் படும் பாட்டை ரசிகரே அறிவர். முதல் வெற்றியைத் தற்செயல் என்றேன். இரண்டாவதற்கு எதிரணியின் பலவீனத்தைக் காரணமாகச் சொன்னேன். மூன்றாவதன் பின் ஒன்றும் சொல்லாமல் புள்ளி அட்டவணையை மட்டும் நாளுக்கு நாலு முறை பார்த்தேன். விஞ்ஞான நோக்கை வகுப்பில் போதிக்கும் நான், முதல் ஆட்டத்தின்போது இருந்த அதே கதிரையில்தான் அடுத்த ஆட்டங்களுக்கும் இருந்தேன் என்பதையும் வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகிறேன். பத்து ஆட்டங்கள் முடிந்தபோது ஒன்பது வெற்றிகள், 27 புள்ளிகள். மன்செஸ்ரர் யுனைற்றெட் ஒன்றுதான் எங்களைத் தோற்கடித்திருந்தது. 'எங்களை' என்ற சொல் எப்போது என் வாயில் புகுந்தது என்பது எனக்கே தெரியவில்லை.

அந்தச் சொல்லைத்தான் எங்கள் பாடசாலையின் மூத்த ஆசிரியர் பிடித்துக்கொண்டார். தொழிற்சங்க வேலையில் தலை நரைத்தவர். ஆசிரியர் ஓய்வறையில் என் சிவந்த கண்களைப் பார்த்து, "என்ன தம்பி, ராத்திரியும் நித்திரை கொள்ளேல்லையோ?" என்றார்.

"இல்லை மாஸ்ரர், எங்கடை ஆக்கள் வெண்டுபோட்டினம்."

"உங்கடை ஆக்களோ? அமெரிக்கக் கோடீசுவரன்ரை கொம்பனி லாபம் உழைச்சால் அதிலை உமக்கு எத்தினை சதம் வரும்?"

அவர் சொன்னதில் பிழையில்லை. 2018ஆம் ஆண்டில் அந்தக் கழகத்தின் முழு உடைமையும் ஸ்ரான் குரொன்கி என்ற அமெரிக்கச் செல்வரின் கைக்குச் சென்றது. ஆயினும் அது பிறந்த இடம் செல்வர் மாளிகையன்று. 1886ஆம் ஆண்டில், இலண்டனின் வூலிச் பகுதியிலிருந்த அரச படைக்கலத் தொழிற்சாலையின் டயல் ஸ்குவயர் என்ற பட்டறையில் வேலை செய்த தொழிலாளர், தலைக்கு ஆறு பென்ஸ் சேர்த்துத் தொடங்கிய கழகம் அது. ஆர்சனல் என்ற சொல்லுக்கே படைக்கலச் சாலை என்பதுதான் பொருள். நம் நாட்டையும் அடக்கி ஆண்ட பேரரசுக்குப் பீரங்கி செய்த கைகளே ஓய்வு நேரத்தில் ஒரு பந்தையும் வாங்கின. வரலாறு இப்படித்தான், தூய்மையான தொடக்கம் என்று ஒன்றை அது எவருக்கும் தருவதில்லை.

உடைமை வேறு, உரிமை வேறு என்பதற்கும் அக்கழகத்தின் வரலாற்றிலேயே சான்றுண்டு. 2021 ஏப்ரல் 18ஆந் திகதி, ஐரோப்பாவின் பன்னிரண்டு பெருங் கழகங்கள் தமக்கெனத் தனியான ஒரு 'சுப்பர் லீக்' அமைக்கப்போவதாக அறிவித்தன. ஆர்சனலும் அவற்றுள் ஒன்று. சிறிய கழகங்கள் மேலேறி வரும் வாயிலை அடைத்துவிட்டு, செல்வர் செல்வருடனேயே ஆடும் திட்டம் அது. பெருங் கழகங்களின் ரசிகர்களே அதனை எதிர்த்தெழுந்தார்கள். இரண்டே நாட்களில் இங்கிலாந்தின் ஆறு கழகங்களும் பின்வாங்கின. ஆர்சனல் மன்னிப்புக் கேட்டது. அதன் பின்னும் ஓயாமல், ஏப்ரல் 23 அன்று ஆயிரக்கணக்கானோர் மைதானத்தின் வெளியே திரண்டு உரிமையாளரை வெளியேறும்படி முழங்கினர். அவர் வெளியேறவில்லை. ஆனால் அந்தத் திட்டம் அன்று கைகூடவில்லை.

இதையெல்லாம் மாஸ்ரருக்குச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அது சரி, அந்தச் சனத்திட்டை நீர் என்ன படிச்சனீர்?" என்று கேட்டார். அன்று எனக்கு மறுமொழி வரவில்லை. ஆனால் மறுமொழி இரண்டாவது ஆட்டத்திலேயே இருந்தது.

ஓகஸ்ட் 13ஆந் திகதி, லெஸ்ரருடன் நடந்த ஆட்டம். ஆர்சனல் 2-0 என்று முன்னணியில் இருந்தது. பின்களத்தில் வில்லியம் சலிபா என்ற இருபத்தொரு வயது இளைஞன். பல பருவங்கள் வேறு கழகங்களுக்கு இரவல் கொடுக்கப்பட்ட பின், அப்போதுதான் அணியில் இடம்பெற்றவன். தன் சொந்த மைதானத்தில் ஆடிய முதல் லீக் ஆட்டத்திலேயே, பந்தைத் தலையால் தன் கோலுக்குள்ளேயே செலுத்திவிட்டான். மைதானம் உறைந்துபோகும், ஏச்சுக் கிளம்பும் என்று நான் எதிர்பார்த்தேன். கிளம்பியது ஏச்சு அன்று. அவனுடைய பெயரைப் பாடினார்கள். பிழை விட்டவனின் பெயரை அவன் பிழை விட்ட அந்தக் கணத்திலேயே பாடினார்கள். இரண்டே நிமிடங்களில் ஆர்சனல் மூன்றாவது கோலைப் போட்டது. போட்டவர் கிரனிற் ஜாக்கா.

ஜாக்காவின் பெயரைக் கண்டதும் எனக்கு நெஞ்சு குறுகுறுத்தது. 2019 ஒக்ரோபர் 27ஆந் திகதி, அதே மைதானத்தில், அணித் தலைவராயிருந்த அவர் இடைநடுவில் வெளியே அழைக்கப்பட்டபோது, அதே ரசிகர் கூட்டம் அவரை ஊளையிட்டு அனுப்பியது. அவரும் சினந்து மேற்சட்டையைக் கழற்றியபடி சென்றார். சில நாட்களில் தலைமைப் பதவியும் பறிபோயிற்று. அவருடைய மனைவியையும் பச்சைக் குழந்தையையும்கூட விடாமல் சபித்து எழுதியோர் இருந்தனர். நான் அப்படி எழுதவில்லை. ஆனால் தொலைக்காட்சியின் முன்னே இருந்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். எவரும் கேளாத ஏச்சு என்று அதனை மறந்துவிட முடியாது. எனக்கு அதே பழக்கம் வகுப்பறையிலும் இருந்தது. அங்கே கேட்பதற்கு நாற்பது பேர் இருந்தார்கள்.

பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன். முந்திய ஆண்டு ஒரு நாள், கரும்பலகையில் சமன்பாடு ஒன்றைப் பிழையாகச் செய்தான். "போய் இரு, உன்னாலை ஏலாது" என்றேன். வகுப்புச் சிரித்தது. சிரிப்பை நான் அடக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தச் சிரிப்பு எனக்கு உவப்பாகவும் இருந்தது. அதன் பின் அவன் கரும்பலகைக்கு வரவேயில்லை. அழைத்தால் எழுந்து நின்று, தலையைக் குனிந்துகொள்வான்.

சலிபாவின் பாட்டைக் கேட்ட அடுத்த வாரம் அவனை அழைத்தேன். வரவில்லை. மறுவாரமும் அழைத்தேன். மூன்றாம் முறை வந்தான். இரண்டாவது வரியிலேயே பிழை. வகுப்பில் ஓர் ஓரத்திலிருந்து சிரிப்புத் தொடங்கிற்று. அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், நின்றது. "அடுத்த வரியை எழுது, பிறகு பாப்பம்" என்றேன். ஐந்தாவது வரியில் விடை ஒவ்வாமற் போனதைக் கண்டு, தானே திரும்பி வந்து இரண்டாவது வரியை அழித்தான். இதில் அற்புதம் எதுவும் இல்லை. அந்தத் தவணையில் அவன் பெற்ற புள்ளிகளும் அதிகமில்லை. ஆனால் அன்று முதல் அழைத்தால் வந்தான்.

பருவத்தின் முடிவை வாசகர் அறிந்திருப்பர். 2023 மார்ச்சில் சலிபா காயமுற்று வெளியேறினான். ஏப்ரலில் லிவர்பூலுடனும் வெஸ்ற் ஹாமுடனும் 2-0 என்று முன்னணியில் நின்றும் வெற்றியைக் கைநழுவ விட்டார்கள். அட்டவணையின் அடியில் கிடந்த சவுதாம்ப்டனுடன் 3-3. மன்செஸ்ரர் சிற்றியிடம் 4-1 என்று தோல்வி. 248 நாட்கள் முதலிடத்தில் நின்ற அணி, மே 20ஆந் திகதி நொட்டிங்ஹாம் பொறெஸ்ற்றிடம் தோற்றுப் பட்டத்தை இழந்தது. வூலிச் தொழிலாளருக்கு முதன்முதல் சிவப்புச் சட்டைகளை அன்பளிப்பாக அனுப்பிய கழகமும் அதுவே. முடிவில் சிற்றிக்கு 89 புள்ளிகள், ஆர்சனலுக்கு 84.

மறுநாட் காலையில் மாஸ்ரர் என் கதிரைக்கு அருகில் வந்திருந்தார். கேலி செய்வார் என்று எண்ணினேன். "தோத்துப் போச்சினமாம்?" என்று மெதுவாகக் கேட்டார். "ஓம் மாஸ்ரர்" என்றேன். "சங்கத்திலை நாங்களும் எத்தினை தரம் தொடக்கத்திலை வெண்டு கடைசியிலை தோத்திருக்கிறம்" என்று சொல்லிவிட்டு, தமது தேநீரில் பாதியை என் கோப்பையில் ஊற்றினார்.

அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்த மறுமொழி, மே 28ஆந் திகதி நடந்த கடைசி ஆட்டத்தில் முழுமையாயிற்று. இழப்பதற்கோ பெறுவதற்கோ எதுவுமற்ற ஆட்டம் அது. ஜாக்கா கழகத்தை விட்டுப் போகப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முதற் கால் மணி நேரத்துள் அவர் இரண்டு கோல்களைப் போட்டார். நாலு ஆண்டுகளின் முன் அவரை ஊளையிட்டு அனுப்பிய அதே மைதானம், போகவேண்டாம் என்று அவரை இரந்து பாடியது.

நல்ல தொடக்கம் நல்ல முடிவுக்குப் பிணை நிற்பதில்லை. அந்த மாதங்களில் பட்டம் கிடைக்கும் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள், நானும் ஏமாந்தேன். ஆனால் நம்பியிருந்த காலத்தில் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை அட்டவணை திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. நுழைவுச் சீட்டின் பணம் உரிமையாளருக்குப் போயிற்று. அந்தப் பாட்டு அவருக்குப் போகவில்லை. அதில் ஒரு சிறு பங்கு எங்கள் பாடசாலையின் பத்தாம் வகுப்பு வரை வந்து சேர்ந்தது. மாஸ்ரர் கேட்ட சதக் கணக்கில் அதனை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.