மெரோவேக்குப் போன டாக்டர்

1/ பிரமிடுன்னா உடனே எகிப்துதான் ஞாபகம் வரும். ஆனா எண்ணிக்கையில அதைவிட அதிகம் இருக்கிறது பக்கத்து நாடான சூடானில். 200க்கும் மேல. குஷ் நாட்டு ராஜா, ராணிகளோட சமாதிகள்.

2/ அதுல முக்கியமான இடம் மெரோவே. கிசா மாதிரி பிரம்மாண்டம் இல்லை. 30 மீட்டருக்குள்ளதான், ஒல்லியா, செங்குத்தா நிற்கும். கிழக்குப் பக்கம் ஒரு சின்ன வழிபாட்டு அறை. உடல் பிரமிடுக்குள்ள இல்லைங்க, அடியில பாறையைக் குடைஞ்ச அறையில.

3/ 1834ல அங்க போனவர் ஜுசெப்பே ஃபெர்லினி. இத்தாலிக்காரர், எகிப்து ராணுவத்துல டாக்டர். புதையலுக்காக பிரமிடுகளை உச்சியிலிருந்து இடிச்சார். ராணி அமானிஷகேட்டோவோட பிரமிடுல தங்கக் காப்பு, மோதிரம், தாயத்து எல்லாம் கிடைச்சுது.

4/ ஐரோப்பாவுல விற்கப் போனப்ப பலர் நம்பல. ஆப்பிரிக்காவுல இவ்வளவு நேர்த்தியான வேலையா, போலியா இருக்கும்னு சந்தேகம். கடைசியில பவேரியா மன்னர் முதலாம் லுட்விக் ஒரு பகுதியை வாங்கினார். இன்னொரு பகுதி பெர்லினுக்குப் போச்சு. இன்னைக்கும் அந்த நகைகள் மியூனிக், பெர்லின் அருங்காட்சியகங்கள்லதான் இருக்கு.

5/ கொள்ளை அளவுக்கு அந்த சந்தேகமும் என்னை உறுத்துது. பொருளைப் பார்க்காம, அது வந்த ஊரைப் பார்த்து முடிவு பண்றாங்க. அரசு ஆஸ்பத்திரியில இந்த ஆபத்து தினமும் உண்டு. தள்ளாடி வர்றவரோட அழுக்கு வேட்டியைப் பார்த்து குடிபோதைன்னு ஒதுக்கிட்டா, ரத்தத்துல சர்க்கரை குறைஞ்சது தெரியாமலே உயிர் போயிடும்.

6/ 2011ல மெரோவே யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்தது. உச்சி இல்லாத அந்தப் பிரமிடுகளோட படம் கண்ணுல பட்டா, எல்லாமே காலம் சிதைச்சதுன்னு நினைச்சிடாதீங்க. சிலதை இடிச்சது ஒரு டாக்டர்.