அறியாமையின் நகைப்பு

விழுப்புரத்திலிருந்து புதுவைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் வளவனூர். அங்கே நான் ஏழாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்த காலம். ஒரு நாள் மாலை வீடு திரும்பியபோது, கொல்லையில் என் தாய்மாமன் பச்சைத் தென்னங்கீற்றால் சிறு குடிசை ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஈராண்டு மூத்த என் தமக்கை அதனுள் தனியே அமர்த்தப்பட்டாள். அவளுக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, தனிப் பாய்!

"அக்காவுக்கு என்ன நோய், அம்மா?" என்று அஞ்சியவாறு கேட்டேன்.

"ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? போய் விளையாடு" என்பதே எனக்குக் கிடைத்த விடை.

சில நாட்களில் மஞ்சள் நீராட்டு விழா நடந்தது. மேளம் முழங்கிற்று, உற்றாரும் ஊராரும் விருந்துண்டு வாழ்த்தினர். ஊருக்கெல்லாம் அறிவிக்கப்பட்ட செய்தியின் பொருள், உடன்பிறந்த எனக்கு மட்டும் மறைக்கப்பட்டது.

சில திங்கள் கழிந்தன. எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தியின் பாவாடையில் குருதிக்கறை தென்பட்டது. பின்வரிசைச் சிறுவர்கள் நகைத்தனர். பொருள் அறியாத நானும் சேர்ந்து நகைத்தேன். அவள் புத்தகப் பையால் கறையை மறைத்துக்கொண்டு, அழுதவாறே வெளியேறினாள். அதன்பின் பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை.

இதனை வீட்டில் வேடிக்கைபோல் கூறினேன். அக்காவின் முகம் வாடிற்று. "தம்பி, அந்த இடத்தில் நான் இருந்தாலும் சிரித்திருப்பாயா?" என்று மட்டும் கேட்டாள். என் தலை தாழ்ந்தது.

செவிலியாகப் பணியாற்றிய எங்கள் அத்தை அன்றிரவு என்னை அருகில் அமர்த்தி விளக்கினார். பெரும்பாலான பெண்களுக்கு எட்டு வயதிற்கும் பதின்மூன்று வயதிற்கும் இடையே உடல் மாறத் தொடங்குகிறது. உயரம் கூடும், மார்பகம் வளரும், பின்னர்ப் பூப்பு நிகழும். கருவைத் தாங்குவதற்காகக் கருப்பையின் உட்படலம் திங்கள்தோறும் தடிக்கிறது. கரு உண்டாகாதபோது அது குருதியோடு வெளியேறுகிறது. இதுவே மாதவிடாய். இது மூன்று முதல் ஏழு நாள் வரை நீடிக்கலாம். சிலருக்கு வயிற்றுவலியும் சோர்வும் உண்டாகும்.

"இது நோயும் அன்று, தீட்டும் அன்று. உனக்குக் குரல் உடைவதும் மீசை அரும்புவதும் போன்ற இயற்கையே இது" என்றார் அத்தை.

அம்மாணவி திரும்பி வந்தபோது, மன்னிப்புக் கேட்கும் துணிவு எனக்கு எழவில்லை. அவள் தவறவிட்ட பாடங்கள் அடங்கிய என் குறிப்பேட்டை மட்டும் நீட்டினேன். அவள் நிமிர்ந்து பாராமலே பெற்றுக்கொண்டாள்.

கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் 1998ஆம் ஆண்டில், தம் மனைவி மாதவிடாய்க்குரிய பழந்துணியை மறைத்து எடுத்துச் செல்வதைக் கண்டார். அவர் நகைக்கவில்லை, காரணம் கேட்டார். ஊரார் எள்ளியபோதும் தளராது உழைத்து, குறைந்த விலையில் நாப்கின் செய்யும் பொறியை உருவாக்கினார். 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மாணவர்களே! தூய நாப்கினைப் பொறி செய்து தரும், அரசும் வழங்கும். ஆனால், வகுப்பறையில் எழும் நகைப்பை நிறுத்த உங்களால் மட்டுமே இயலும். அறியாதபோது நகைத்தேன், அறிந்தபின் நாணினேன். நீங்கள் முன்னரே அறிந்துகொள்ளுங்கள். நாணவேண்டிய நிலை உங்களுக்கு நேராது.