ஹாஸ்டல் வாசலில் ஓர் அப்பா

ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் பக்கத்து பஸ்களில் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என்று எந்தத் திசையில் போனாலும் தூக்குவாளியும் கட்டைப்பையுமாக வெளியூர்க்காரர்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், ராமநாதபுரம் என்று எங்கெங்கிருந்தோ வந்து பிள்ளையை ஹாஸ்டல் ஸ்கூலில் விட்டிருக்கிற அப்பா அம்மாக்கள். கோழிப்பண்ணை ஜில்லா ஆயிற்றே, இந்த ஸ்கூல்களுக்கும் 'பிராய்லர் ஸ்கூல்' என்று பேர் வைத்துவிட்டது ஊர். 2017-ல் அரசாங்கம் ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. அவர்கள் அசரவில்லை. போர்டில் 'நீட்' என்று எழுதிக்கொண்டார்கள்.

ஒருநாள் ராசிபுரம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒருத்தர் முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விழுப்புரம் பக்கமாம். பையனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்.

"பையன் அழுதானா சார்?"

"அவன் எங்க சார் அழுதான்... நான்தான்."

டின்னை ஏன் திருப்பி எடுத்துப் போகிறார் என்று நான் கேட்கவில்லை.

அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்ட நான், ஆறே மாதத்தில் அதே மாதிரி ஒரு ஹாஸ்டல் வாசலில் நிற்பேன் என்று நினைக்கவில்லை. காரணம் என் மகள். ஏழாம் வகுப்பு. சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறிப் பரதநாட்டிய கிளாஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். டீச்சர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஃபீஸ் பாக்கியோ என்று பயந்துபோனேன். "இவளுக்கு வாரத்துக்கு ஒரு நாள் பத்தாது சார். தங்கிப் படிக்கிற இடமா பாருங்க. இந்த வயசை விட்டா உடம்பு வளையாது" என்றார்.

வீட்டில் சொன்னேன். வீட்டில் சொன்னது எதிர்வீட்டுக்கு எப்படிப் போயிற்று என்று தெரியாது. மறுநாள் காலையில் எதிர்வீட்டுப் பெரியவர் திண்ணைக்கு வந்துவிட்டார்.

"ஏந்தம்பி, பாப்பாவ ஆட்டத்துக்கு அனுப்பறீங்களாமா? நெசமாலுமா?"

"யோசனைதானுங்க ஐயா."

"பன்னெண்டு வயசுப் பொட்டப்புள்ளைய எவனையோ நம்பி விட்டுப்போட்டு எப்படித் தூங்குவீங்க?"

நியாயமான கேள்வி. ஆனால் கேட்டவரின் பேரன் ஆறாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டலில்தான் இருக்கிறான். காலை நாலரைக்கு எழுப்புகிறார்கள், ராத்திரி பத்து வரை படிப்பு என்று அதே திண்ணையில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னவர் அவர். அதை ஞாபகப்படுத்தினேன்.

"அது படிப்புங்க தம்பி!"

அவ்வளவுதான். அதற்கு மேல் வாதம் கிடையாது.

இதை எந்த ஊரில் உட்கார்ந்து பேசுகிறோம் என்பதுதான் வேடிக்கை. வெளியூரில் போய் 'நாமகிரிப்பேட்டை' என்று சொன்னால் வியாபாரிகள் மஞ்சள் விலை கேட்பார்கள். விரலி என்ன விலை, உருண்டை என்ன விலை, பனங்காலி வந்திருக்கா... மற்றவர்கள், கொஞ்சம் வயசானவர்களாக இருந்தால், "நாதஸ்வரம் கிருஷ்ணன் ஊரா?" என்பார்கள். 1924-ல் பிறந்து 2001-ல் மறைந்த நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன், 1981-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். மூட்டை மூட்டையாய் மஞ்சள் ஏற்றி அனுப்பியும் கிடைக்காத பேரை ஒரு மனுஷர் ஒற்றைக் குழாயில் ஊதி வாங்கிக் கொடுத்தார்.

நாதஸ்வரக்காரர்கள் எல்லாம் என்ன கோச்சிங் சென்டரிலா படித்தார்கள்? அந்தக் காலத்தில் எட்டு, பத்து வயசிலேயே குருவின் வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள். துணி துவைக்கணும், வாத்தியத்தைத் தூக்கணும், கச்சேரியில் பின்னால் நின்று மூச்சு விடாமல் ஒத்து ஊதணும். (நாம் ஆபீஸில் மேனேஜருக்கு ஊதுகிற ஒத்து வேறு. அதற்குப் பயிற்சி தேவையில்லை, இயற்கையாகவே வரும்.) அந்தக் குருகுலத்துக்குப் பெயர் தவம். இன்றைக்குப் பெண் குழந்தையை நடனத்துக்கு அனுப்பினால் அதற்குப் பெயர் ஆட்டம்.

முதலில் மெட்ராஸுக்குத்தான் போனோம். திருவான்மியூர் கலாக்ஷேத்திரா. ஆலமரம், மணல், குடில் குடிலாய் வகுப்புகள், உள்ளேயிருந்து தட்டுக்கழிச் சத்தம். பாப்பா வாயைத் திறந்தவள் மூடவில்லை. ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ல் ஆரம்பித்தது. அவர் முதலில் கற்றுக்கொண்டது பரதம் இல்லை, பாலே! 1920-களின் கடைசியில் ருஷ்ய பாலே ராணி அன்னா பாவ்லோவாவைச் சந்தித்து, அவர் குழுவில் இருந்த க்ளியோ நோர்டியிடம் பாடம் எடுத்துக்கொண்டார். பாவ்லோவாதான், உங்கள் நாட்டிலேயே கலை இருக்கிறது, அதைத் தேடுங்கள் என்று திருப்பிவிட்டவர்.

அந்த பாவ்லோவாவும் ஹாஸ்டல் குழந்தைதான். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1738-லேயே தொடங்கிய அரசாங்க நடனப் பள்ளி. அம்மா சலவைத் தொழிலாளி. முதல் தடவை நோஞ்சான் என்று சேர்க்க மறுத்துவிட்டார்கள். 1891-ல், பத்து வயதில் இடம் கிடைத்தது. உலகமே பாவ்லோவாவைப் பற்றி எழுதியிருக்கிறது. எனக்கென்னவோ அந்த அம்மாளைப் பற்றித்தான் யோசனை. பெண்ணை உள்ளே விட்டுவிட்டு, பனியில் நடந்து வீட்டுக்குப் போய், அன்றைக்கு எத்தனை துணி துவைத்திருப்பார்?

கலாக்ஷேத்திரா டிப்ளமோ நாலு வருஷம். ஆனால் பள்ளிப் படிப்பை முடித்த பிறகுதான். பன்னிரண்டு வயசுக்கு அங்கே வழியில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2023-ல் அங்கே மாணவிகள் பாலியல் தொந்தரவுப் புகாரோடு போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஆசிரியர் ஒருவர் கைதானார். என் மனைவி அந்தச் செய்தியை மறக்கவில்லை. வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? வியன்னாவின் புகழ்பெற்ற பாலே பள்ளியில் குழந்தைகளை அடித்தார்கள், அவமானப்படுத்தினார்கள் என்று 2019-ல் அம்பலமானது. உடம்பைத் தொட்டுத் திருத்துகிற கலை. தொடுகிற கை எப்படிப்பட்ட கை என்று யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தாக வேண்டும். அந்த யாரோ, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி உட்கார்ந்திருக்கும் அப்பனாக இருக்க முடியாதே.

அடுத்தது கேரள கலாமண்டலம். அங்கே எட்டாம் வகுப்பிலிருந்தே தங்கிப் படிக்கலாம். ரயில் ஏறுமுன் மனைவி ஒரு தாளை மடித்து என் சட்டைப்பையில் வைத்தாள். "இதெல்லாம் கேட்டுட்டு வாங்க. வெட்கப்படாதீங்க."

சேலத்தில் ராத்திரி ரயில், விடிகாலையில் ஷொரணூர். ஆட்டோவில் பாரதப்புழையைத் தாண்டினால் செறுதுருத்தி. புதுப் பாலத்தின் பக்கத்திலேயே, 2011-ல் இடிந்த பழைய கொச்சிப் பாலம் ஆற்றுக்குள் முறிந்து நிற்கிறது. கவிஞர் வள்ளத்தோள் 1930-ல் ஆரம்பித்த நிறுவனம் கலாமண்டலம். காசுக்கு என்ன செய்தார் தெரியுமோ? லாட்டரி நடத்தினார்! பி.காம். படித்தவன் என்ற முறையில் இந்த நிதி நிர்வாகத்தை மிகவும் ரசித்தேன்.

உள்ளே போனால் ஒவ்வொரு களரியிலிருந்தும் ஒரு சத்தம். ஒரு பக்கம் செண்டை, ஒரு பக்கம் மரக்கட்டையில் கோலால் தட்டுகிற தாளம். கதகளி மாணவர்களுக்குப் பொழுது விடியுமுன்பே சாதகம். கண்ணுக்கு நெய் விட்டுக்கொண்டு விழியை மட்டும் சுற்றுகிறார்கள். மேலே, கீழே, வட்டம், எட்டு. மழைக்காலத்தில் உழிச்சல்: மாணவனுக்கு உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, தரையில் படுக்கவைத்து, ஆசான் காலாலேயே அழுத்தி உருவிவிடுவார். நூறு வருஷத்துக்குப் பக்கமாகப் பையன்களுக்கு மட்டும் என்று இருந்த கதகளியில் 2021-ல்தான் பெண்களையும் சேர்த்தார்கள். என் மகளுக்கு மோகினியாட்டம் தோதுப்படும், பரதமும் உண்டு. கூடவே பள்ளிப் படிப்பும். பத்தாவதுக்கு ஏ.எச்.எஸ்.எல்.சி. என்று கலைப் பள்ளிகளுக்கென்றே கேரள அரசு தனிப் பரீட்சை வைத்திருக்கிறது. ஒரே தொல்லை, பாடமெல்லாம் மலையாளம்.

வெளியே டீக்கடையில் பாலக்காட்டுக்காரர் ஒருத்தர் கிடைத்தார். தமிழ் நன்றாகவே பேசினார். பையன் செண்டை படிக்கிறானாம், ஒன்பதாவது.

"முதல் மாசம் இவ அம்மா சோறே திங்கலை. அவன் போன் பண்ணா, 'சாப்பிட்டேன், வைக்கறேன்'னு ரெண்டே வார்த்தை. லீவுக்கு வந்தான். காலம்பற நாலு மணிக்குப் படபடன்னு ஒரு சத்தம். திருடன்னு நினைச்சு டார்ச் எடுத்துட்டுப் போறேன்... கல்லைப் போட்டு அதும்மேல கோலால அடிச்சு சாதகம் பண்றான் சார்!"

"சந்தோஷமா இருக்கானா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கேக்கலை சார். மெலிஞ்சிட்டியாடான்னு கேட்டேன். இதைக் கேக்கலை."

எனக்குச் சுருக்கென்றது. மனைவியின் தாளை எடுத்துப் பிரித்தேன். பதினோரு கேள்விகள். பாத்ரூமுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கா? வார்டன் ராத்திரி அங்கேயே படுப்பாங்களா? காய்ச்சல் வந்தா எத்தனை மணிக்குள்ள நமக்குச் சொல்லுவாங்க? முதல் தடவை வயசுக்கு வர்ற பிள்ளைங்களை யாரு பார்த்துப்பாங்க? போன் பேசறப்ப பக்கத்துல யாராவது நிப்பாங்களா? புகார்னா யார்கிட்ட சொல்லணும், அவங்க மேலேயே புகார்னா? தலை பின்னிவிட ஆள் உண்டா?... கடைசிக் கேள்வி: பிடிக்கலைன்னு சொன்னா அன்னிக்கே கூட்டிட்டு வரலாமா?

வெட்கப்படாமல் கேட்டேன். அரை மலையாளம், கால் இங்கிலீஷ், மீதி கைஜாடை. சிலதற்குப் பதில் உடனே வந்தது, சிலதற்கு "விசாரிச்சுச் சொல்றோம்." எழுதிக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் பாப்பா கண்சாதகம் ஆரம்பித்துவிட்டாள். எதிர் சீட்டு ஆசாமி இரண்டு நிமிஷம் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். பாலக்காடு தாண்டியதும் கேட்டேன்: "கண்ணு, இங்க வந்து இருப்பியா?"

"இருப்பேன்ப்பா. ஆனா..."

"ஆனா?"

"செவ்வாக்கெழம மஞ்சள் ஏலத்தன்னிக்கு ஊரெல்லாம் ஒரு வாசம் வருமில்ல, அது இங்க வராதில்ல?"

அந்தக் கேள்வி அம்மா எழுதிக் கொடுத்த லிஸ்ட்டில் இல்லை. நானும் பதில் வைத்திருக்கவில்லை.

விண்ணப்பம் இன்னும் நிரப்பாமல் அலமாரியில் இருக்கிறது. இரண்டு 'விசாரிச்சுச் சொல்றோம்' பாக்கி. மலையாள எழுத்து மட்டும் தினமும் பத்து எழுதிப் பார்க்கிறாள். போன வாரம் எதிர்வீட்டுப் பெரியவர் மறுபடி வந்தார். போன விஷயம் என்னாச்சு என்று கேட்டார். நான் ஒன்றும் பேசாமல் அந்தத் தாளைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். திரும்ப ஒரு தடவை படித்தார். தாழ்ப்பாள் வரியில் விரல் வைத்து ரொம்ப நேரம் நின்றார்.

"ஏந்தம்பி... இதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கறீங்களா? ஞாயித்துக்கெழம பேரனைப் பாக்கப் போறனுங்க."