மூப்பும் மறதிநோயும்

மூப்பு வேறு, மறதிநோய் வேறு என்பதனை நம்மவருட் பலர் இன்னும் அறியார். "வயதாயிற்று, அப்படித்தான் இருக்கும்" என்று வாளாவிருந்துவிடுகின்றனர். அலாய்ஸ் அல்ஸைமர் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1906-ஆம் ஆண்டில், இந்நோயால் இறந்த மாதொருத்தியின் மூளையை ஆராய்ந்து, அதன்கண் நேர்ந்த கேட்டினை எடுத்துரைத்தார். அம்மாது மருத்துவமனை புகுந்தகாலை வயது 51 தான்!

சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் 1978-இல் முதியோர்க்கெனத் தனிப்பகுதி தோன்றிற்று. 2024-இல் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் மருத்துவமனை திறக்கப்பெற்றது. மகிழத்தக்கனவே. ஆயினும் இந்நோயாளர் மருத்துவமனையிற் கழிப்பது சில நாள். வீட்டிற் கழிப்பதோ பல்லாண்டு.

எம் பாட்டியார் ஐம்பதாண்டு வாழ்ந்த வீட்டிலேயே இருந்துகொண்டு, அந்திவேளை வந்ததும் "எங்கள் வீட்டிற்குப் போகவேண்டும்" என்று மூட்டையும் கையுமாய் வாயிலில் நிற்பார். "இதுதானே அம்மா வீடு" என்று வாதிட்டாற் சினம் மிகும். "காப்பி குடித்துவிட்டுப் போகலாம், வாருங்கள்" என்றாலோ அமர்ந்துவிடுவார். காப்பி முடிவதற்குள் பயணமும் மறந்துபோம். இவ்வுபாயம் எந்நூலினின்றும் யாம் கற்றதன்று. எம் அத்தையார் தாமே கண்டது. நள்ளிரவிற் பன்முறை எழுந்து கதவின் தாழைப் பார்த்துவரும் அவ்வம்மையார், ஆறாண்டுகளாக ஓர் உறவினர் திருமணத்திற்கும் சென்றிலர். பாட்டியாரின் நலம் வினவ வருவோர் பலர். அத்தையாரின் முதுகுவலியை வினவினார் ஒருவருமிலர்.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசினர் திட்டத்தின்வழி, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றிற்கு மருந்து வீடு தேடி வருகின்றது. நன்று. வாரத்தில் அரைநாள் பயிற்சியுடையார் ஒருவர் நோயாளரருகே அமர்ந்து, பேணுவோரை உறங்கவிடும் ஏற்பாடும் அதனோடு சேர்தல் வேண்டும். அத்தையார் கேட்பது ஒரு பிற்பகல் உறக்கமே.